டீச்சரிடம் கேளுங்கள்: ஜெபித்தாயிற்று, தளைநாரை இழுத்துப் பார்த்தீர்களா?

இந்த மாதம் 17 கடிதம் வந்திருக்கிறது. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். கடவுளை நம்புகிறேன், ஆனால் அவர் எனக்கு என்ன சொல்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் சபை ஐயரும் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. 31 வருஷம் கரும்பலகையில் கணக்குப் போட்டவள். விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, வழியையும் எழுது என்று பிள்ளைகளை நச்சரித்தவள். அந்தப் புத்தி இங்கேயும் தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டேன்.

புது வருஷம் பிறக்கும் ராத்திரி வாட்ச் நைட் ஆராதனையில், அந்த வருஷத்துக்கென்று நான் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில் எரேமியா 29:11 வந்தது. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற வசனம். சந்தோஷமாகப் பீரோ கதவில் ஒட்டினேன். மே மாதம் கம்பெனியில் 40 பேரை அனுப்பினார்கள், அதில் நானும் ஒருத்தி. மேடவாக்கத்தில் வாடகை மட்டும் 11,000 ரூபாய். ஊரிலிருந்து அம்மா போனில் 'உனக்கு விசுவாசம் பத்தலை' என்கிறார். வசனம் பொய்யா, நான் பொய்யா?
(27 வயது, சென்னை)

மகளே, வசனமும் பொய் இல்லை, நீயும் பொய் இல்லை. அட்டைதான் சின்னது. அதில் ஒரு வசனத்துக்கு மேல் இடம் கிடையாது. நீ பைபிளை எடுத்து அதற்கு முந்தின வசனத்தைப் படி. பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று இருக்கும். 70 வருஷம்! அந்த வசனத்தையும் சேர்த்து அட்டையில் அச்சடித்தால் டிசம்பர் 31 ராத்திரி யார் எடுப்பார்கள்?

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது. வீடு, நிலம், வேலை எல்லாம் போய் அந்நிய ஊரில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். உனக்கு இப்போது அவர்களைக் கொஞ்சம் புரியும். அந்தக் கடிதம் வருவதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கவும் செய்கிறான். ஜனங்களுக்கு யாருடைய பேச்சு இனித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொய் சொன்னவன் அனனியாதான். எரேமியா என்ன எழுதினார் தெரியுமா? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று. இது 5, 6, 7-ம் வசனங்கள். இதையெல்லாம் சொன்ன பிறகுதான் உன் பீரோ கதவில் இருக்கிற வசனம்.

ஆக அந்த வாக்குத்தத்தம் வேலை போகாது என்று யாருக்கும் சொல்லவில்லை. ஏற்கெனவே எல்லாம் போனவர்களுக்குச் சொன்னது அது. அட்டையைக் கிழித்துவிடாதே. பக்கத்தில் 5-ம் வசனத்தையும் எழுதி ஒட்டு.

அட்டை எடுப்பதற்கு நான் விரோதி இல்லை. நானும் வருஷா வருஷம் எடுக்கிறேன், அரிசி டின்னில் ஒட்டியிருக்கிறேன். ஒரு வருஷம் எனக்கு முன்னால் நின்ற அம்மா எடுத்துப் பார்த்து, பிடிக்காமல், மடித்துத் தட்டில் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தார்கள். ராசிபலன் பார்க்கிறவர்களைக் குறை சொல்லும் வாய் நம் வாய்!

சரி, இனி கணக்கு. கம்பெனியிடம் ரிலீவிங் லெட்டர், கடைசி மாதச் சம்பளம், செட்டில்மென்ட் எல்லாம் எழுத்தில் வாங்கிவிட்டாயா? பிஎஃப் பணத்தை அவசரப்பட்டு எடுக்காதே. கையில் இருப்பதை மாதச் செலவால் வகுத்துப் பார், எத்தனை மாதம் வரும் என்று தெரிந்தால் பாதி பயம் போகும். 11,000 வாடகையை இன்னொரு பிள்ளையோடு பங்கு போட முடியுமா பார். கொஞ்சம் குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை வந்தால், கர்த்தர் எனக்கு இதைவிடப் பெரியதை வைத்திருக்கிறார் என்று சொல்லித் தட்டாதே. அது பாபிலோனில் போடுகிற தோட்டம் என்று நினைத்துக்கொள்.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்: மகளுக்கு வேலை போனதற்கு மகளுடைய விசுவாசம் காரணம் என்றால், மற்ற 39 பேருக்கும் யாருடைய விசுவாசம் பத்தவில்லையாம்?

மகளுக்கு இரண்டு வரன் வந்திருக்கிறது. ஒருவர் வங்கி வேலை, மற்றவர் துபாய். இரண்டும் நல்ல குடும்பம். உபவாசமிருந்து ஜெபித்து, சீட்டு எழுதிப் போட்டு எடுக்கலாம் என்றிருக்கிறோம். அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டுத்தானே யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தார்கள்? இது சரிதானே?
(ஒரு தகப்பன், கோவில்பட்டி)

அண்ணாச்சி, உங்கள் கடிதம் ஒன்றரைப் பக்கம். பையன்களின் சம்பளம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, துபாய்க்காரருக்கு ஊரில் எத்தனை சென்ட் நிலம் என்பதுகூட இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அதை விட்டுவிட்டுச் சீட்டுக்குப் போகிறீர்கள்.

மத்தியா கதையை முழுசாகப் படியுங்கள். முதலில் தகுதி வைத்தார்கள். யோவான் ஞானஸ்நானம் கொடுத்த காலத்திலிருந்து கூடவே இருந்தவராக இருக்க வேண்டும் என்றார்கள். அதில் தேறிய இரண்டு பேரை நிறுத்தி, ஜெபித்து, கடைசியாகத்தான் சீட்டு. அதற்கு அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவி இறங்கின பெந்தெகொஸ்தே நாள் வருகிறது. அதற்கப்புறம் புதிய ஏற்பாடு முழுக்கத் தேடுங்கள், சபையார் யாரும் சீட்டுப் போட்டு ஒன்றும் முடிவு செய்யவில்லை. கூடிப் பேசினார்கள், சண்டை போட்டார்கள், கடிதம் எழுதினார்கள். பழைய ஏற்பாட்டில் கிதியோன், கடவுள் சொன்னது நிஜமா என்று பார்க்கக் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, அதில் மட்டும் பனி இருக்க வேண்டும் என்று கேட்டதையும் நீங்கள் எழுதவில்லையே தவிர மனதில் வைத்திருப்பீர்கள். அவனுக்குக் கடவுள் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியாயிற்று. பயத்தில்தான் கேட்டான். மறுநாள் அதையே திருப்பிப் போட்டு, தரையில் பனி, தோலில் ஈரம் இருக்கக்கூடாது என்று கேட்கும்போது, என்மேல் கோபம் வேண்டாம் என்று அவனே சொல்லிக்கொள்கிறான்.

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒருமுறை வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. போவதா, ரத்து கேட்டு அலைவதா? ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு பைபிளை மடியில் வைத்துக் கண்ணை மூடித் திறந்து விரலை வைத்தேன். 1 நாளாகமம். வெறும் பெயர்ப் பட்டியல். ஜெபம் சரியில்லை போல என்று இன்னொரு தடவை திறந்தேன். லேவியராகமம் 14. வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமாகக் கறை பிடித்தால் ஆசாரியன் வந்து சுவரைச் சுரண்டச் சொல்ல வேண்டும் என்கிற இடம். எங்கள் வாடகை வீட்டில் நிஜமாகவே மேற்குச் சுவர் ஓதம் காத்து உரிந்துகொண்டிருந்தது. ஆக வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறாரோ? மூன்றாவது தடவை திறக்கப் போகும்போது, தூங்குகிறார் என்று நான் நினைத்த என் வீட்டுக்காரர் படுத்தபடியே சொன்னார்: "உனக்கு வேண்டியது வர்ற வரைக்கும் திறப்பே. லைட்டை அணை."

மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனோம். பள்ளிக்கூடத்தைப் பார்த்தோம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டோம், தலைமையாசிரியையிடம் அரை மணி நேரம் பேசினோம். திரும்பும்போது எனக்கு முடிவு தெரிந்திருந்தது. அந்த ஊரில் 9 வருஷம் இருந்தேன். நல்ல வருஷங்கள்.

நீங்களும் பஸ் ஏறுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொன்னால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ படிக்கிறேன். கணக்கு வராது. தினமும் காலையில் அரை மணி நேரம் ஜெபித்தால் பாஸ் ஆகிவிடுவேனா டீச்சர்?
(மாணவன், சாத்தான்குளம்)

தம்பி, கணக்கு டீச்சரிடமே வந்து இதைக் கேட்கிறாய் பார், உன் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஜெபம் பண்ணு. 10 நிமிஷம் போதும். மிச்சம் 20 நிமிஷத்தில் தொகையீட்டில் தினம் இரண்டு கணக்கு, பார்க்காமல். மாட்டிக்கொண்ட கணக்கைத் தாளில் எழுதி, எந்த வரியில் நின்றாய் என்று குறித்து அனுப்பு. நான் இன்னும் போட்டுத் தருவேன்.

அப்பாவுக்கு 66 வயது. 12 வருஷமாகச் சர்க்கரை. மார்ச்சில் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். 'சுகம் பெற்றேன் என்று அறிக்கை செய்துவிட்டு மாத்திரை போட்டால் அது அவிசுவாசம்' என்கிறார். இப்போது வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். வலிக்கவில்லை, அதனால் பயமில்லை என்கிறார். நான் வற்புறுத்தினால் என் விசுவாசத்தைச் சந்தேகப்படுகிறார்.
(மகன், திசையன்விளை)

இந்தக் கடிதத்துக்குப் பதிலை இதழ் வரும்வரை வைத்திருக்க மனம் வரவில்லை. தனியாகப் போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வலிக்கவில்லை என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் நரம்பு மரத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது. புண் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நல்ல காலோடு இருந்தவர்கள் விரலை, பாதத்தை இழப்பது இப்படித்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்பது இதில் கிடையாது. மாத்திரைக்குக் காசு இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள்.

வசனத்தைக் காட்டுகிற அப்பாவிடம் வசனத்தோடேயே பேசுங்கள். எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது அழுது ஜெபித்தார், 15 வருஷம் கூட்டித் தருகிறேன் என்று ஏசாயா மூலம் பதிலும் வந்தது. வாக்குத்தத்தம் கையில் வந்துவிட்டது. அதற்கப்புறமும் அதே ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார். தீர்க்கதரிசிக்கே அது அவிசுவாசமாகத் தெரியவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்றும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். ஐடா ஸ்கடர் மிஷனரி ஆகவே மாட்டேன் என்றிருந்த பெண். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் கிடக்கிற மனைவியைப் பார்க்க வரச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். அவருடைய அப்பா டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் தொடக்கூடாது என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்விட்டார்கள். அவருக்கு வந்த அழைப்பு அதுதான். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பினார். 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைக்கு நீங்களும் நானும் ரயில் ஏறிப் போகிற ஆஸ்பத்திரி. மருந்து அவிசுவாசம் என்றால் அந்த அம்மா ஜெபித்துவிட்டுப் படுத்திருக்கலாமே.

எங்கள் அப்பா பனையேறி. உடன்குடிக்குப் பக்கம், செம்மண் தேரி ஊர். இருட்டோடு எழுந்து, இடுப்பில் அருவாப்பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு நிமிஷம் உள்ளங்கையை மரத்தில் வைத்து நிற்பார். உதடு அசையும். அப்புறம் காலில் மாட்டுகிற தளைநாரை எடுத்து, ஒரு பக்கத்தைக் குதிகாலால் மிதித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுப்பார். அதன் பிறகுதான் ஏறுவார். எனக்கு எட்டு வயது இருக்கும், கலயம் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். "ஜெபம் பண்ணியாச்சுல்லா, நாரை ஏன் இழுக்கிய?" என்று கேட்டேன். "ஜெபம் பண்ணுனதாலதான் இழுக்கேன். அவரு பாத்துக்கிட்டு இருக்காருல்லா" என்றார்.

ஒரு நாள் இழுத்தபோது ஓரத்தில் நாலு இழை பிரிந்து வந்தது. அப்பா ஏறவில்லை. அன்றைய பதநீர் மரத்திலேயே பொங்கிப் புளித்தது. அம்மா வெறும் அடுப்பைப் பார்த்து முனகிக்கொண்டே இருந்தாள். அப்பா முற்றத்தில் உட்கார்ந்து மட்டையைக் கிழித்து, நார் உரித்து, பல்லில் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு புதுசு முறுக்கினார். கூடவே ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தார், ராகம் தப்பு.

மகனே, அப்பாவோடு விவாதம் பண்ண வேண்டாம். 'அப்பா, சுகமாகிவிட்டது என்றால் ரத்தப் பரிசோதனையில் அதுவும் தெரியுமே, சாட்சி சொல்ல ஒரு சீட்டு வாங்கிவரலாம்' என்று கூப்பிடுங்கள். குஷ்டரோகிகள் சுகமானபோது ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னது இயேசுதான். (போனில் நான் சொன்னதும் அப்படியே செய்தார்களாம். சர்க்கரை 380. இப்போது புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாத்திரையும் ஊசியும் நடக்கிறது. அப்பா இன்னும் மகனிடம் பேசவில்லை. பேசுவார்.)

நான் இந்து. பக்கத்து வீட்டில் உங்கள் இதழை வாங்கிப் படிப்பேன். மாதாமாதம் திருச்செந்தூர் போகிறவள். 'எல்லாம் அவன் செயல்' என்று விட்டுவிடுவது நம்பிக்கையா, சோம்பேறித்தனமா?
(இல்லத்தரசி, ஆறுமுகநேரி)

அக்கா, உங்கள் கேள்வியில் உங்கள் பெரியவர்களே இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த தமிழ் டீச்சர் வைணவக் குடும்பம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் தந்தார்கள். வடகலையார் சொல்வது குரங்குக்குட்டி நியாயம்: தாய் மரம் தாவும்போது குட்டிதான் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலையார் சொல்வது பூனைக்குட்டி நியாயம்: தாயே வாயில் கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா கிடந்தால் போதும். நீங்கள் எந்தக் குட்டி என்று ஊர்க்காரர் சொல்ல முடியாது. நான் பிறவியிலேயே குரங்குக்குட்டி. பிடியை விட்டதே கிடையாது. ஆனால் ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்ட அன்று மட்டும் பூனைக்குட்டி.

உங்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். 'எல்லாம் அவன் செயல்' என்று சொன்ன பிறகு பாத்திரம் கழுவ எழுந்திருக்கத் தெம்பு வருகிறதா, இல்லை போர்த்திக்கொண்டு படுக்கத் தோன்றுகிறதா? முதலாவது என்றால் தாராளமாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஐசியூ வாசலில் 11 நாள் ஜெபித்தேன். சபையே ஜெபித்தது. இப்போது கோயிலுக்குப் போனால் வாய் திறக்க வரவில்லை. 'நம்பிக்கையை விட்டுவிடாதே' என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். என்னிடம் விடுவதற்கே ஒன்றும் இல்லை.
(பெயர், ஊர் வேண்டாம்)

தங்கச்சி, ஏன் கேட்கவில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை. வழிமுறையும் இல்லை.

டோனாவூருக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அங்கே ஆதரவற்ற குழந்தைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார்கள். அத்தனை குழந்தைகளும் அவர்களுக்காக ஜெபித்திருப்பார்கள்தானே? எழுந்து பழையபடி நடமாடவே இல்லை. 1951-ல் இறக்கிறவரை அந்த அறையும் கட்டிலும்தான். கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்று ஒரு தவிட்டுக்குருவி குளித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சத்தம் போட்டுத் துரத்திவிட்டார்கள். இதில் உங்களுக்கு ஆறுதல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இருந்தது.

என் வீட்டுக்காரர் போனபோது எட்டு மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. பைபிளைத் திறந்தால் 'லைட்டை அணை' என்கிற குரல்தான் கேட்கும். அப்போது மாற்கு 2-ம் அதிகாரத்தை ஐயரம்மா ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள், விளக்கமெல்லாம் சொல்லவில்லை. கை கால் விழுந்த திமிர்வாதக்காரனை இயேசுவிடம் நாலு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய வழியில்லை. கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். 'இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று இருக்கிறது. படுத்துக் கிடந்தவன் நம்பினானா, இல்லையா, ஒரு வார்த்தை கிடையாது. அத்தனை வருஷம் வாசித்தும் அது என் கண்ணில் பட்டதில்லை.

அதற்கப்புறம் நான் ஞாயிற்றுக்கிழமை போனால் கடைசி பெஞ்சில், தூண் மறைவில் உட்காருவேன். பாட மாட்டேன். மற்றவர்கள் பாடுவார்கள். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எழுந்து மட்டும் நிற்பேன்.

உங்கள் கோயிலிலும் ஒரு தூண் இருக்கும். வருகிற ஞாயிறு, அதிகம் பேசாத ஒருவரைக் கூடக் கூட்டிக்கொண்டு அங்கே போய் உட்காருங்கள். முடியவில்லையென்றால் நடுவில் எழுந்து வந்துவிடுங்கள். விலாசம் எழுதவில்லையே, எழுதுங்கள். எனக்கு இப்போதெல்லாம் டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, அந்தப் பக்கம் வரும்போது எட்டிப் பார்க்கிறேன்.